வெளியே சொல்லிக்கொள்ள ஒரு டிகிரி வேண்டுமா, மகளுக்குத் தொழில் வேண்டுமா?

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வசிக்கும் தமிழ்த் தம்பதியின் கேள்வி இது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஹாலிவுட்டில் இயக்குநராக வேண்டும் என்கிறாள். சித்தப்பா கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார். அத்தையோ, "சினிமாதான் என்றால் யு.எஸ்.சி.யில் (சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) படிக்கட்டும், நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்" என்கிறார். வீட்டின் மேல் இன்னொரு கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். யு.எஸ்.சி.யில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல் ஆகும். உதவித்தொகை கணிசமாகக் கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் வேண்டாம். படப்பிடிப்புத் தளத்தில் யாரும் பட்டத்தைக் கேட்பதில்லை, எடுத்த படத்தைத்தான் கேட்பார்கள். முதல் சில வருடங்கள் சம்பளம் குறைவாகவும் விட்டுவிட்டும்தான் வரும். மாதாமாதம் கடன் தவணை கட்ட வேண்டிய பெண் அந்த வருடங்களைத் தாங்க மாட்டாள். இரண்டாம் வருடமே ஏதாவது ஆபீஸ் வேலைக்குப் போய்விடுவாள்.

பெண்களுக்கு இந்தப் பாதை இன்னும் குறுகல்தான். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற பெண்கள் மூன்றே பேர்: கேத்ரின் பிகலோ (2010), க்ளோயி ஜாவ் (2021), ஜேன் கேம்பியன் (2022). ஆனால் வேறு வேலையில் ஆரம்பித்து இயக்குநரானவர்கள் நிறைய. பாட்டி ஜென்கின்ஸ் கேமரா உதவியாளராக இருந்தவர். ஏவா டுவெர்னே படங்களுக்கு விளம்பர வேலை பார்த்தவர். ஹாலிவுட்டின் தொடக்க காலத்திலேயே டோரதி ஆர்ஸ்னர் ஸ்கிரிப்ட் டைப் செய்யும் வேலையில் சேர்ந்து, கன்டினியூட்டி (ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் உடை, பொருள், அசைவு மாறாமல் கவனிப்பது) பார்த்து, எடிட்டராகி, 1927-இல் இயக்குநரானார்.

அந்தக் கன்டினியூட்டி வேலையை உங்கள் மகளுக்குச் சிபாரிசு செய்கிறேன். அங்கே அதற்கு ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று பெயர். நம்மூரில் உதவி இயக்குநர் ஒருவர் பார்க்கும் வேலை, ஹாலிவுட்டில் தனித் தொழில். மானிட்டர் முன்னால் இயக்குநருக்குப் பக்கத்திலேயே நாற்காலி. படத்தை நிறுத்தி "வளையல் கை மாறிடுச்சு பார்" என்று அவள் காட்டுவதாக எழுதியிருந்தீர்களே, அந்தக் கண்ணுக்குத்தான் இங்கே சம்பளம்.

படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு காட்சியும் கதையில் எத்தனையாவது நாள், பகலா இரவா, யார் என்ன உடை, நெற்றிக் காயம் எந்தக் காட்சியில் ஆறுகிறது என்று பட்டியலிட வேண்டும். பக்கத்தை எட்டில் ஒரு பங்காகப் பிரித்து, ஸ்டாப்வாட்ச் வைத்து வசனத்தைப் படித்து, படத்தின் நீளத்தைக் கணிக்க வேண்டும். தளத்தில் ஒவ்வொரு டேக்குக்கும் ஸ்லேட் எண் (கிளாப் பலகையில் எழுதும் எண்), லென்ஸ், நேரம், எது நல்ல டேக், மற்றது ஏன் ஆகவில்லை என்பதெல்லாம் குறிப்பில் ஏற வேண்டும்.

இதில் முக்கியமானது திரைக்கதைத் தாளில் போடும் கோடுகள். ஒரு ஷாட் எந்த வசனத்தில் தொடங்கி எதில் முடிகிறதோ, அதுவரை மேலிருந்து கீழே ஒரு கோடு. பேசுபவர் முகம் ஃபிரேமில் இருந்தால் நேர்க்கோடு. வசனம் மட்டும் கேட்டால் நெளிகோடு. ஒரு வரியின் மேல் நெளிகோடுகள் மட்டுமே இருந்தால், அந்த வரிக்கு முகமே எடுக்கவில்லை என்று அர்த்தம். செட்டைப் பிரிப்பதற்குள் இயக்குநர் காதில் சொல்லியாக வேண்டும். நூறு காட்சிகளுக்கு இப்படிக் கோடு போட்டவளுக்கு ஒரு காட்சியை எத்தனை ஷாட்டாக உடைப்பது என்பது கையோடு பழகிவிடும்.

புதியவர்கள் தடுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: டேக் ஓடும்போது குனிந்து எழுதுவார்கள். நடிகர் எந்தச் சொல்லில் கோப்பையைத் தூக்கினார் என்பது அந்த நொடியில் தப்பிவிடும். எடுத்து வைத்த போட்டோ கோப்பை இருந்த இடத்தைக் காட்டும், தூக்கிய நேரத்தைக் காட்டாது. இன்னொன்று, தவறை எல்லோர் முன்னாலும் நடிகரிடம் நேராகச் சொல்வது. இயக்குநர் வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

படிப்புக்கு கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரி, போதும். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு) 46 டாலர். இரண்டு வருடப் படிப்பின் 60 யூனிட்டுக்கு 2,760. லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜில் சினிமாத் துறையே இருக்கிறது. அங்கே வாடகைதான் பெரிய செலவு, அதற்குப் பணம் ஒதுக்குங்கள். பட்டம் வேண்டுமென்றால் பிறகு நார்த்ரிட்ஜ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். முதல் வருடத்திலிருந்தே மாணவர் குறும்படங்களில் இந்த வேலையைச் செய்யட்டும். அடுத்தது சின்ன பட்ஜெட் படங்கள். பிறகு ஐயாட்ஸி என்ற சினிமாத் தொழிலாளர் சங்கத்தில், ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர்கள் சேரும் லோக்கல் 871 கிளை.

ஒரு ஆபத்தும் உண்டு. வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினால் அதே வேலைக்கே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்; யாரும் தானாக இயக்குநர் நாற்காலியைத் தர மாட்டார்கள். அதனால் வருடத்துக்கு ஒரு குறும்படத்தை அவளே எழுதி இயக்க வேண்டும். நீங்கள் பணம் தருவதாக இருந்தால் அதற்குத் தாருங்கள்.

ஒரு நாள் வேலை பன்னிரண்டு மணி நேரம் என்பது அங்கே சாதாரணம். இந்தக் கோடையிலேயே ஒரு மாணவர் படத்தில் மூன்று நாள் நிற்கட்டும். அதற்குப் பிறகும் இதுதான் வேண்டும் என்று அவள் சொன்னால், அத்தையிடமும் சித்தப்பாவிடமும் நீங்கள்தான் பேச வேண்டும். அவளைப் பேச விடாதீர்கள்.