சமஷ்டியில் எது யாருடைய பொறுப்பு? – கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். போன கிழமை எங்கள் ஊர் வாசிகசாலையில் சமஷ்டி (கூட்டாட்சி) பற்றிப் பலர் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சேர், எங்களுக்கு மாகாண சபை இருக்குதுதானே. அப்ப இலங்கையும் சமஷ்டிதானே? (மாணவி, கொக்குவில்)

இல்லைப் பிள்ளை. அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரையே இலங்கை ஓர் ஒற்றையாட்சி அரசு என்கிறது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் அதிகாரங்களை மாகாணத்துக்கு ஒரு நிரல் (பட்டியல்), மத்திக்கு ஒரு நிரல், இருவருக்கும் பொதுவாக ஒரு நிரல் என்று மூன்றாகப் பிரித்தது. பார்வைக்கு இந்தியாவைப் போலத்தான். ஆனால் மாகாண நிரலில் உள்ள விடயத்திலும், சபைகள் மறுத்தால்கூட, பாராளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு சட்டம் ஆக்கலாம். கொடுத்தவரே தனியாகத் திருப்பி எடுக்க முடியுமென்றால் அது அதிகாரப் பகிர்வு மட்டும்தான், சமஷ்டி ஆகாது. சமஷ்டி நாடான கனடாவைப் பாருங்கள்: அரசியலமைப்பைப் பொதுவாக மாற்றுவதற்கு 10 மாகாணங்களில் 7 சம்மதிக்க வேண்டும், அந்த ஏழிலும் சேர்த்து நாட்டுச் சனத்தொகையில் பாதியாவது இருக்க வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு வருடக்கணக்காகத் தேர்தலே இல்லை. அந்த வெறுமை என்னை உண்மையில் வருத்துகிறது.

மாஸ்ரர், மகள் ரொறன்ரோவில். பாஸ்போட்டில் கனடா என்று இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் காட்டுற அட்டையில் ஒன்ராறியோ என்று இருக்கு. ஏன்? (ஓர் அம்மா, சுன்னாகம்)

நல்ல இடத்தில் கண் வைத்திருக்கிறீர்கள் அம்மா. கனடாவின் 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஆஸ்பத்திரி, கல்வி, சொத்துரிமை போன்றவற்றை ஒன்ராறியோ மாதிரி மாகாணங்களிடம் விட்டது. நாணயம், பாதுகாப்பு, குற்றவியல் சட்டம் எல்லாம் தலைநகர் ஒட்டாவாவிடம், அதாவது மத்தியிடம். மகள் அல்பேர்ட்டா மாகாணத்துக்குக் குடிபோனால் பாஸ்போட் அப்படியே இருக்கும், அட்டையை மாற்ற வேண்டிவரும்.

இதோடு ஒன்று. எந்தப் பட்டியலிலும் இல்லாத புது விடயம் வந்தால் யாருக்கு? கனடாவில் ஒட்டாவாவுக்கு. அமெரிக்காவில் 1791இன் 10ஆம் திருத்தப்படி மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு கனடாவை அமைத்தவர்கள், பலவீனமான மத்தியைக் கண்டு பயந்தார்கள். அந்தப் பயம்தான் சட்டத்தில் எழுத்தானது.

எங்கட ஒழுங்கையில் குழி. யாரிடம் போறது? (கொடிகாமம்)

பிரதேச சபையிடம் தம்பி. ஒழுங்கை ஏறுகிற ஏ-9 வீதி மட்டும் மத்தியின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. ஆஸ்பத்திரியும் அப்படித்தான்: யாழ் போதனா வைத்தியசாலை மத்திக்கு, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை மாகாணத்துக்கு.

நிரலில் எழுதிவிட்டால் அதிகாரம் வந்துவிடுமா? (இளைஞர், பருத்தித்துறை)

காசு யாரிடம் என்று பாருங்கள். ஜேர்மனியில் வருமான வரியில் 15 வீதம் உள்ளூராட்சிக்கு, மீதி மத்திக்கும் மாநிலங்களுக்கும் தலா 42.5 வீதம். இந்தச் சரிபாதி அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. எங்கள் மாகாணம் நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுக்கும், பிறகு கொழும்பின் வரவுசெலவுத் திட்டத்துக்கும் ஒவ்வொரு வருடமும் காத்திருக்கிறது.