பக்கத்து வீட்டு அம்மையார் தந்த ரெகே இசைத்தட்டுகள்

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் நெடுங்காலம் குடியிருந்த ஜமேக்கா நாட்டு அம்மையார் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகிறார். காலமான தம் கணவர் சேர்த்துவைத்த ரெகே, ஸ்கா இசைத்தட்டுகளை ஒரு பெட்டி நிறைய எனக்குத் தந்திருக்கிறார். கணவர் 1970களில் வார இறுதிகளில் மண்டபங்களில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டவராம். பெரும்பாலானவை நடுவில் பெரிய துளை உள்ள சிறிய தட்டுகள். சிலவற்றின் லேபிளில் எதுவுமே அச்சாகவில்லை. ஒன்றில் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அதன் துளையோரத்தில் அலுமினியம் தெரிகிறது. இவற்றைக் கழுவலாமா? கணினியில் பதிந்து எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் ஏற்றலாமா? ஏற்றினால் தட்டுகளின் மதிப்புப் போய்விடும் என்கிறான் தம்பி.
- வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: அலுமினியம் தெரியும் அந்தத் தட்டை முதலில் தனியே எடுத்து வையுங்கள். அதைக் கழுவவும் வேண்டாம், ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது டப்பிளேட் ஆக இருக்க வேண்டும். அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சுப் பூசி, அச்சில் வார்க்காமல், ஒலிவரிகளை ஒவ்வொரு தட்டிலும் நேரடியாக வெட்டி எடுப்பது அது. ஜமேக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் ஒலிப்பொறியாளர் கிங் டப்பி தம் வீட்டிலேயே இப்படி வெட்டிக் கொடுத்த தட்டுகளுக்காகச் சவுண்ட் சிஸ்டம் (உங்கள் அம்மையாரின் கணவரைப் போல ஒலிபெருக்கி கட்டி நடனத்துக்குப் பாட்டுப் போடும் குழு) நடத்துவோர் காத்துக் கிடந்தார்கள். போட்டியாளரிடம் இல்லாத ஒரு பாடல், சில வேளைகளில் தம் சவுண்ட் சிஸ்டத்தின் பெயரையே சேர்த்துப் பாடிய பாடல், அதில்தான் கிடைத்தது. அந்தப் பூச்சு மென்மையானது. முள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேய்கிறது, ஆல்கஹால் பட்டால் கெடுகிறது, வயதானால் வெடித்து உரிகிறது. பழைய ஒலிப்பதிவுகளைப் பாதுகாப்பதில் பழக்கமுள்ள ஒலிக்கூடம் ஒன்றில் கொடுத்து ஒரே ஓட்டத்தில் பதிந்து வாங்குங்கள். உலகில் அதற்கு இன்னொரு பிரதி இல்லாமலும் இருக்கலாம்.

மற்ற வினைல் தட்டுகளைக் கழுவலாம். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி விட்டு, லேபிள் நனையாமல், மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்து, நல்ல நீரில் அலசிக் காயவிடுங்கள். பிறகு புதிய காகித உறைகளில் இட்டு நிமிர்த்தி அடுக்குங்கள். கழுவிய பின்னும் கரகரப்பு இருந்தால் உங்கள் கையில் குறையில்லை. ஜமேக்காவில் அச்சான தட்டுகள் பல கடையில் வாங்கிய அன்றே அப்படித்தான் ஒலித்தன.

லேபிளில் ஒன்றும் அச்சாகாதவற்றைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். லேபிள் அச்சாகும்வரை பொறுக்காமல் சுடச்சுட வெளியிட்ட தட்டுகள் அவை. பிரிட்டனில் ‘ப்ரீ-ரிலீஸ்’ என்ற பெயரில் சாதாரணத் தட்டைவிடக் கூடிய விலைக்கு விற்றன. பாடல் முடிந்த பின் லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அங்கே கீறியிருக்கும் எண்ணும் எழுத்துகளும் பல வேளைகளில் தயாரிப்பாளரையோ அச்சிட்ட ஆலையையோ காட்டிக்கொடுக்கும். அச்சடித்த லேபிளைவிட நான் அதையே நம்புவேன், ஏனென்றால் பாடகரின் பெயரைப் பிழையாக அச்சிட்டதும் ஒரு பாட்டின் லேபிளை இன்னொரு பாட்டில் ஒட்டியதும் அங்கே அடிக்கடி நடந்தவை. லேபிளின் தோற்றத்தை வைத்து ஆண்டைச் சொல்வதும் கடினம். கிங்ஸ்டனின் பிரென்ட்ஃபோர்டு சாலையில் ஸ்டுடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்திய கிளெமென்ட் ‘காக்ஸன்’ டாட், 1960களில் பதிந்த பாடல்களைப் பின்னாளில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போன பிறகும் மீண்டும் மீண்டும் அச்சிட்டு விற்றார். கனடாவில் அச்சானவை கண்ணில் பட்டால் குறைவாக எண்ண வேண்டாம்: ஜாக்கி மிட்டூ, லீராய் சிபில்ஸ் போன்ற பெரிய ஜமேக்கா கலைஞர்கள் டொரொண்டோவில் வாழ்ந்தவர்கள்; இங்கே சிறு நிறுவனங்கள் வெளியிட்ட தட்டுகள் குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சாயின.

தம்பியின் கவலை புதியதல்ல. அதே டாட், சவுண்ட் சிஸ்டம் நடத்திய நாள்களில், அமெரிக்கத் தட்டுகளின் லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் ஒலிக்கவிட்டார். வில்லிஸ் ஜாக்சன் என்ற சாக்ஸபோன் கலைஞரின் பாட்டு ‘காக்ஸன் ஹாப்’ என்ற பெயரில் டாடின் அடையாளமாகவே இருந்தது. போட்டியாளர் டியூக் ரீட் அதன் உண்மையான பெயரைக் கண்டுபிடித்துத் தம் அரங்கில் போட்ட இரவை இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். நடன அரங்கில் போட்டி இருந்தவரை அந்த மறைப்புக்கு ஒரு பயன் இருந்தது. இன்று தட்டு வாங்குகிறவர் பாட்டு வேறெங்கும் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் வாங்குவதில்லை. அசல் அச்சு, அதன் நிலை, அது யாரிடமிருந்து வந்தது என்பவற்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். ஆகவே விலை விழும் என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

தயங்க வேண்டிய காரணம் வேறு. கனடாவில் 1964 இறுதிக்குள் வெளியான ஒலிப்பதிவுகளுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வெளியானவற்றுக்கு வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுகள். பாட்டை எழுதியவருக்கு இருப்பது தனி உரிமை. ஜமேக்காவிலோ இந்தக் காலம் 95 ஆண்டுகளாக நீட்டப்பட்டிருக்கிறது. ரெகே பிறந்ததே 1968ஐ ஒட்டி என்பதால், உங்கள் பெட்டியில் பெரும்பகுதி இன்னும் ஒருவருக்குச் சொந்தம். ஒரு பாட்டுக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு போன வாத்தியக்காரர்கள் நிறைந்த இசை இது என்பதால், முழுப் பாடல்களை உரிமை கேட்காமல் ஏற்றுவது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் லேபிளின் படம், வளையத்து எண், பின்பக்க வெர்ஷன் (பெரும்பாலும் குரலின்றி வரும் வடிவம்) எந்தப் பாட்டின் தாளத்தில் அமைந்தது என்ற குறிப்பு ஆகியவற்றைத் தாராளமாக வெளியிடுங்கள். தட்டு இல்லாமல் தகவலைத் தேடுகிறவர்களுக்கு அதுவே பேருதவி.

இதையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அம்மையார் வீடு மாறுவதற்குள் பெட்டியோடு அவரிடம் போய், ஒவ்வொரு தட்டாகக் கையில் கொடுத்து, அவர் சொல்வதை அலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த மண்டபம், எந்தக் கடையில் வாங்கியது, லேபிளில்லாத தட்டில் பாடுவது யார் என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. டப்பிளேட்டைப் பதிந்து வாங்கியதும் முதல் பிரதியை அவருக்கே கொடுங்கள். அதில் கணவரின் சவுண்ட் சிஸ்டத்தின் பெயர் பாடப்பட்டிருந்தால், அதை வெளியே யாருக்காவது கேட்கக் கொடுப்பதா இல்லையா என்பதை அவரும் மகளும் சொல்லட்டும்.