வைத்தாங்கி ஒப்பந்தம்: கையெழுத்துப் போட்டுவிட்டு மாவோரிகள் இப்போது குறை சொல்வது நியாயமா?

கேட்டவர் நியூசிலாந்துக்குப் புதிதாக வந்தவர் போலிருக்கிறது. வந்த வருடம் நானும் இதையேதான் கேட்டேன். இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் 1840இல் பிரிட்டிஷ் அரசோடு போட்ட ஒப்பந்தம் இது. நான் வரலாறு படித்தவனில்லை. ஆக்லாந்தில் நம் ஆட்களுக்கு அவ்வப்போது மொழிபெயர்த்துக் கொடுப்பவன், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்காவுக்கு வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்னேன். ஒரு வருடம் கட்டாயம் குடியிருக்க வேண்டும் என்று இருந்ததை, ஒரு வருடத்துக்கு வாடகை ஏறாது என்று சொல்லித் தொலைத்தேன். ஏஜென்ட் வாசலில் நிற்கிறார், அவசரம். அக்கா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். நாலே மாதத்தில் அவர் வீட்டுக்காரருக்கு ஹாமில்டனில் வேலை கிடைத்தது. காலி செய்ய விடவில்லை. "நீதானே தம்பி படிச்சுச் சொன்னே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சரி, வைத்தாங்கிக்கு வருகிறேன். 1840 பிப்ரவரி 4 சாயங்காலம், பிரிட்டிஷ் அரசின் சார்பில் வந்திருந்த ஹாப்சன் ஆங்கில வரைவைப் பாதிரியார் ஹென்றி வில்லியம்ஸிடம் கொடுத்தார். அவரும் மகன் எட்வர்டும் ஒரே இரவில் மாவோரியில் எழுதினார்கள். ஆங்கிலத்தில் இறையாண்மையே பிரிட்டிஷ் ராணிக்குப் போகிறது. மாவோரியில் அது 'காவனதங்க', அதாவது கவர்னர் பார்க்கும் நிர்வாகம். நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் தலைவர்களின் முழு அதிகாரமான 'ரங்கதிரதங்க' அவர்களிடமே இருக்கும் என்றும் எழுதியிருந்தது. இதைக் கேட்டால் யார்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்? 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டதில் ஆங்கிலப் பிரதியில் போட்டவர்கள் 39 பேர்தான்.

பாவம், தெரியாமல் செய்திருப்பார் என்று வில்லியம்ஸுக்காக நானும் வாதாடியவன்தான். ஆனால் மாவோரித் தலைவர்களின் 1835 சுதந்திரப் பிரகடனத்தை மாவோரியில் எழுதியவரும் அவரே. அங்கே இறையாண்மைக்கு 'மன' என்ற சொல் வருகிறது. ஐந்து வருடத்தில் அந்தச் சொல் மறந்துவிடுமா? தலைவர்களுக்கு இது புரிந்ததா என்று கையெழுத்து நாளன்றே ஹாப்சனிடம் கேட்டவர், மிஷன் அச்சகத்தை நடத்திய கொலென்சோ. ஆமாம், தமிழ் எழுத்துள்ள கப்பல் மணியை மாவோரிகளிடம் கண்டெடுத்தாரே, அவரேதான்.

வீட்டு வாடகையும் ஒரு நாடும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். ஒன்றில்லை. அக்கா இழந்தது பணம். மாவோரிகள் இழந்தது நிலம். 1877இல் ஒரு தலைமை நீதிபதி இந்த ஒப்பந்தமே செல்லாக்காசு என்றார். குறைகளை விசாரிக்கத் தீர்ப்பாயம் வந்தது 1975இல். 1840 வரை பின்னோக்கிப் போய் விசாரிக்கும் அதிகாரம் அதற்குக் கிடைக்க இன்னும் பத்து வருடம் ஆனது.

அப்புறம், வாட்ஸப்பில் சான்றிதழை அனுப்பி "ரெண்டு பக்கம்தானே, காலைக்குள் முடித்துத் தாங்க" என்பவர்களுக்கு: அந்த ஒப்பந்தமும் சின்னதுதான், மூன்றே பிரிவு. மொழிபெயர்ப்புக்குக் காசு கேட்டால் மட்டும் முகம் ஏன் மாறுகிறது?