விளக்கைக் கூட்டினால் சன் கோரல் பிழைக்குமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில், வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். சன் கோரல், சிவப்பு கார்னேஷன் கோரல் என்று இரண்டு பவளங்கள் வாங்கினேன். சன் கோரல் விரிவதே இல்லை; வாய்களுக்கு நடுவே வெள்ளை எலும்பு தெரிகிறது. கார்னேஷன் சுருங்கித் தொங்குகிறது. எல்இடி வெளிச்சத்தைக் கூட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முதலில் விளக்கைப் பழையபடி குறைத்துவிடுங்கள். தொட்டியில் வளர்க்கும் பெரும்பாலான பவளங்களுக்கு உடம்புக்குள் இருக்கும் பாசியே வெளிச்சத்தில் சமைத்துப் போட்டுவிடும். இந்த இரண்டுக்கும் அந்தப் பாசி கிடையாது. விளக்கு எரிந்தால், தெரிகிற எலும்பின் மேல் வேண்டாத பாசிதான் படரும். உங்கள் சன் கோரலுக்கு நோய் ஒன்றும் இல்லை, பட்டினி.

அதைத் தேற்றிவிடலாம். விளக்கு அணைந்த பிறகு, மீன் தீனியாக விற்கும் மைசிஸ் என்ற உறைந்த குட்டி இறாலைத் தொட்டித் தண்ணீரில் கரைய விட்டு, அந்தச் சாற்றில் கொஞ்சத்தை அதன் மேல் விடுங்கள். அரை மணி நேரத்தில் மஞ்சள் கைகள் வெளியே வரும். முதல் சில இரவுகள் வராமலும் போகலாம், சலிக்காமல் செய்யுங்கள். விரிந்ததும் பம்பை நிறுத்தி, நீளமான பைப்பெட்டால் (சொட்டுக் குழாய்) ஒவ்வொரு வாயிலும் ஒரு மைசிஸ் வையுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உடனே மூடிக்கொள்ளும். பவளத்தின் கைகளில் ஒட்டும்படி மெதுவாக விட்டால் போதும், அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். மீனும் துப்புரவு இறாலும் பறிக்க வந்தால், அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்து, அதன் வாய் வழியாக ஊட்டுங்கள். தேறும்வரை தினமும், பிறகு ஒன்று விட்டு ஒரு நாள். மைசிஸ் கிடைக்காத வாரம் சந்தையில் வாங்கிய கடல் இறாலைப் பொடியாக அரிந்து, அலசிக் கொடுக்கலாம். மசாலா தடவியது, உப்புப் போட்டது வேண்டாம்.

கார்னேஷன் விஷயத்தில் ஆசை காட்ட மாட்டேன். அதன் முக்கிய உணவு கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி. 1995இல் வெளிவந்த செங்கடல் ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. பகலும் இரவும் துளித்துளியாக அதை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நீரோட்டமும் பலமாக இருக்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியில்தான் முடிகிறது. இனி வாங்காதீர்கள்.

இவ்வளவு ஊட்டினால் தண்ணீர் கெடும். மிச்சத்தை அன்றைக்கே உறிஞ்சி எடுங்கள். வாரம் பத்து, பதினைந்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். உப்பைக் கரைக்க ஆர்.ஓ. தண்ணீர்தான், டேங்கர் தண்ணீர் கூடவே கூடாது. நைட்ரேட், பாஸ்பேட் சோதனைக் குப்பி கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, மன்னார் வளைகுடாப் பவளம் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியல். புலிக்கும் அதே அட்டவணைதான்.