கேள்வி – பதில்: ஒரே வயசு, லீக்குக்கு ஒரு ரூல்!

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நியூ ஜெர்சியில் கால்பந்து ஆடியபோது சறுக்கிப் பந்தைப் பறித்தால் ரெஃபரி ஒன்றும் சொல்ல மாட்டார். டெக்சாஸுக்கு மாறி வந்தோம். இங்கே உடனே விசில். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். கால்பந்தின் பொது விதிப்படி சறுக்குவது மட்டுமே தவறாகாது. கவனமில்லாமலோ முரட்டுத்தனமாகவோ ஆளைச் சாய்த்தால்தான் ஃபவுல். சின்னப் பிள்ளைகளுக்கு அதை அடியோடு தடுப்பது லீக்கின் சொந்த ரூல். ஆட்கணக்கை அமெரிக்க கால்பந்து சம்மேளனம் 2017-லேயே வரையறுத்துவிட்டது: 8 வயதுப் பிரிவு வரை நாலுக்கு நாலு, 10 வரை ஏழுக்கு ஏழு, 12 வரை ஒன்பதுக்கு ஒன்பது. லீக்குக்கு லீக் மாறுவது மற்றவைதான்: சறுக்கல், கோல் வித்தியாசம் எகிறினால் என்ன செய்வது, ஒரு பிள்ளை குறைந்தது எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்பவை. அய்சோ (AYSO) என்ற அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பின் லீக்குகளில் பாதி ஆட்டமாவது ஆட விட்டே ஆக வேண்டும். வார இறுதி டோர்னமென்ட் என்றால் அதற்குத் தனி ரூல் தாள் இருக்கும். உங்கள் லீக் தாள் அங்கே செல்லாது. கோச்சிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். சந்தேகம் இருந்தால், ரெஃபரி டாஸ் போடும்போதே கோச் அவரிடம் கேட்கட்டும், கோல் விழுந்த பிறகு அல்ல.

கேள்வி: மகள் கோல்கீப்பர், ஏழுக்கு ஏழு ஆட்டம். பந்தைப் பிடித்துக் காற்றில் உதைத்தாள். எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார்கள். ஏன்?

பதில்: கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பாக்ஸின் கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் சரிபாதியில் ஒரு கோடு இருக்குமே, அதுதான் பில்ட்-அவுட் லைன். கீப்பர் கையில் பந்து வந்ததும் எதிரணி அதற்குப் பின்னால் போய்விட வேண்டும். கீப்பர் உருட்டலாம், எறியலாம், பக்கத்தில் இருப்பவருக்குப் பாஸ் கொடுக்கலாம். கையிலிருந்து விட்டு உதைத்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். அதை உதைத்தவர் நேரடியாக கோல் போட முடியாது, இன்னொருவர் தொட்டாக வேண்டும்.

பந்தைத் தரையில் வைத்துவிட்டு ஓங்கி உதைத்தால்? சில லீக்கில் சரி, சிலவற்றில் விசில். முதலில் இதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதிரணி பின்வாங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அவசரப்பட்டு உருட்டி அது பறிபோனால் கேள்வி கேட்க முடியாது. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

கோல் கிக்குக்கும், அதாவது எதிரணி தொட்டுப் பந்து கோல் கோட்டுக்கு வெளியே போனால் அங்கிருந்து உதைப்பதற்கும், எதிரணி இதே கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும். 2019-க்கு முன் பந்து பெனால்டி பாக்ஸைத் தாண்டினால்தான் ஆட்டத்தில் சேரும். இப்போது உதைபட்டு நகர்ந்தாலே போதும். திருத்தாத பழைய தாளை வைத்துக்கொண்டு ஒரு கோச் சத்தம் போடுவதும், ரெஃபரி புதியதைச் சொல்வதும் இதனால்தான். ஆஃப்சைடுக்கும், அதாவது எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்று பாஸ் வாங்கும் தவறுக்கும், இந்தக் கோடுதான் கணக்கு: நடுக்கோட்டுக்கும் பில்ட்-அவுட் லைனுக்கும் இடையில் ஆஃப்சைடு கிடையாது. தெரியாத பெற்றோர் ஓரத்திலிருந்து கத்துவார்கள், கத்தட்டும்.

கேள்வி: 10 வயது மகனை 12 வயதுப் பிரிவில் ஆட விடுகிறார்கள். தலையால் முட்டலாமா?

பதில்: வேண்டாம். 11 வயதுப் பிரிவு வரை வேண்டுமென்றே தலையால் முட்டினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். பெரிய பிரிவில் ஆடினாலும் அவன் வயது மாறிவிடாது. ரெஃபரிக்கு அது தெரியாமல் போகலாம். கோச்சிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பெண்ணுக்குப் போன வாரம்தான் காது குத்தினோம். கம்மல் மேல் டேப் ஒட்டினால் விடுவார்களா?

பதில்: பொது விதிகளில் நகையே கூடாது, டேப்பால் மறைப்பதும் கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. ஏதோ ஒரு ரெஃபரி விட்டார் என்பதற்காக அடுத்தவரும் விடுவார் என்று நம்பாதீர்கள். புதுத்துளையில் கம்மலைக் கழற்றினால் தூர்ந்துவிடும், புண்ணும் ஆகும். ஆறு வாரமாவது அவள் வெளியே உட்கார வேண்டியதுதான். தங்கைக்குக் குத்துவதானால் சீசன் முடிந்த மறுநாள் நாள் பாருங்கள்.