சுருள் ஆடி நின்றுவிடுகிறதா? கம்பியின் முனையைப் பாருங்கள்

கேள்வி: மகளின் அறிவியல் கண்காட்சிக்காக எளிய டிசி மோட்டார் ஒன்று செய்கிறோம். எனாமல் பூசிய செம்புக் கம்பியை 12 சுற்று சுற்றிச் சுருளாக்கினோம். 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் ஊக்குகளை நிறுத்தி, அவற்றின் துளைகளில் சுருளின் முனைகளை நுழைத்து, சுருளுக்கு நேர் கீழே காந்தத்தை வைத்தோம். கம்பியின் இரு முனைகளையும் பளபளவென்று சுரண்டிவிட்டோம். ஆனாலும் சுருள் ஒரு துள்ளு துள்ளி, இப்படியும் அப்படியும் ஆடி நின்றுவிடுகிறது. பேட்டரியும் சூடாகிறது. பெரிய காந்தம் வாங்க வேண்டுமா, சுற்றுகளைக் கூட்ட வேண்டுமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். சுருள் துள்ளுகிறது என்றாலே மின்னோட்டம் பாய்கிறது, காந்தமும் போதுமான அளவு இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கோளாறு நீங்கள் பளபளவென்று சுரண்டிய இடத்தில்தான் இருக்கிறது. இரு முனைகளில் ஒன்றை முழுவதும் சுரண்டலாம். மற்றதைப் பாதி மட்டுமே சுரண்ட வேண்டும். இந்த மோட்டாரின் சூட்சுமமெல்லாம் அந்தப் பாதியில் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மின்னோட்டம் பாயும்போது சுருள் ஒரு தட்டைக் காந்தமாகிவிடும். அதன் ஒரு முகம் வட முனை, மறுமுகம் தென் முனை. கீழே இருக்கும் காந்தத்தின் வட முனை மேல்நோக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுருளின் தென் முகம் அதை நோக்கித் திரும்பும். திரும்பிப் படுத்தபடி வந்து சேர்ந்ததும், அதற்கு மேல் போக வேண்டிய காரணம் இல்லை. வந்த வேகத்தில் கொஞ்சம் தாண்டினாலும் காந்தம் திரும்ப இழுத்துவிடும். திசைகாட்டியின் முள் வடக்கைச் சுற்றி ஆடி ஆடி அடங்குவதும் இதே காரணத்தால்தான். நீங்கள் இப்போது செய்து வைத்திருப்பது, சரியாகச் சொன்னால், மின்சாரத்தால் இயங்கும் ஒரு திசைகாட்டி.

அதை மோட்டாராக்க என்ன வேண்டும்? சுருள் காந்தத்தை நோக்கிப் படுக்கும் அந்தக் கணத்தில் மின்னோட்டத்தின் திசையை மாற்ற வேண்டும், அல்லது மின்னோட்டத்தையே நிறுத்திவிட வேண்டும். திசையை மாற்றினால் ஈர்ப்பு விலக்கமாகி, சுருள் மேற்கொண்டு தள்ளப்படும். வில்லியம் ஸ்டர்ஜன் 1832இல் தன் மோட்டாரில் வைத்த திசைமாற்றி செய்தது இதைத்தான். பாடப்புத்தகப் படங்களில் இரு பாதிகளாகப் பிளந்த வளையமும் அதைத் தொட்டபடி மின்னோட்டம் தரும் இரண்டு தூரிகைகளும் வருகின்றனவே, அதுவும் இதே வேலைக்குத்தான். உங்கள் மோட்டாரில் அவ்வளவு வேலைப்பாடு தேவையில்லை, நிறுத்தினால் போதும். ஒரு முனையில் பாதிச் சுற்றளவுக்கு எனாமலை விட்டுவைத்தால், சுழற்சியின் பாதி நேரம் ஊக்கில் வெற்றுச் செம்பு படும், மீதி நேரம் மின்சாரம் கடத்தாத எனாமல் படும். முதல் பாதியில் காந்தம் சுருளைத் தள்ளும், மறு பாதியில் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடும். ஊஞ்சல் நம்மை விட்டு விலகும்போது தள்ளிவிட்டு, திரும்பி வரும்போது கையை எடுத்துக்கொள்கிறோம் அல்லவா, அந்த மாதிரி.

எந்தப் பாதி என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சுருள் செங்குத்தாக நிற்கும்போதுதான், அதாவது அதன் விளிம்பு கீழே காந்தத்தைப் பார்க்கும்போதுதான், திருப்பும் விசை உச்சத்தில் இருக்கும். படுத்திருக்கும்போது பூஜ்யம். ஆகவே மின்னோட்டம் பாயும் அரைச் சுற்று, அந்தச் செங்குத்து நிலையை நடுவில் வைத்து இருபுறமும் கால் சுற்று நீள வேண்டும். செய்முறை எளிது. சுருளை இரு விரல்களால் செங்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். முனைக் கம்பியை மேசை விளிம்பில் வைத்து, அதன் மேல் பாதியை மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். சுருளைத் திருப்பாதீர்கள், அடிப்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

சுருளைப் படுக்க வைத்தபடி சுரண்டினால் என்ன ஆகும்? அப்போதும் பாதிதான் சுரண்டியிருப்பீர்கள், பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் மின்னோட்டம் பாயும் நேரத்தின் முதல் பாதியில் காந்தம் ஒரு பக்கம் திருப்பும், அடுத்த பாதியில் எதிர்ப்பக்கம் திருப்பும். இரண்டும் கழிந்துபோய்ச் சுருள் அப்படியே நிற்கும். பாதி சுரண்டியும் ஓடவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சுரண்டும்போது சுருளை எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்றுதான். இன்னொன்று: இந்த விதி காந்தம் கீழே இருந்தால் மட்டும். பக்கவாட்டில் வைத்தால் சுருளைப் படுக்க வைத்துத்தான் சுரண்ட வேண்டும். எந்த அமைப்பானாலும் சுருளின் விளிம்பு காந்தத்தைப் பார்க்கும் நிலையில் ஊக்கில் வெற்றுச் செம்பு பட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது முழுவதும் சுரண்டிய முனையை மறுபடி மூட முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். நகப்பூச்சையோ அழியாத மார்க்கர் மையையோ ஒரு பாதியில் பூசி நன்றாகக் காயவிடுங்கள். மை சீக்கிரம் தேய்ந்துவிடும், நகப்பூச்சு கொஞ்சம் தாங்கும். கம்பி மிச்சம் இருந்தால் புதிதாகச் சுற்றுவதே மேல். நெருப்பில் காட்டி எனாமலை எரிப்பவர்களும் உண்டு. பாதியை மட்டும் எரிக்க முடியாது, மேலே படியும் கரியும் ஆக்சைடும் மின்னோட்டத்தைத் தடுக்கும். பிளேடோ உப்புத்தாளோ போதும். பிளேடைப் பெரியவர் பிடிக்கட்டும்.

சுரண்டலைச் சரிசெய்த பிறகும் ஓடவில்லை என்றால், அடுத்த சந்தேகம் சமநிலை. ஒரு குத்துமதிப்புக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.5 மி.மீ. தடிமனுள்ள கம்பியில் 2.5 செ.மீ. விட்டத்தில் 12 சுற்று சுற்றினால் முனைகளோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆகும், எடை 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. காந்தத்துக்கு அருகில் வரும் பகுதி சுற்றுக்கு 2 செ.மீ. என்று கொண்டால் மொத்தம் 24 செ.மீ. அதில் 3 ஆம்பியர் பாய்ந்து, காந்தப்புலம் 0.03 டெஸ்லா இருந்தால், மூன்றையும் பெருக்க 0.02 நியூட்டன் சொச்சம் வரும். அது 2 கிராம் எடைக்குச் சமம். ஆக, சுருளைத் திருப்பும் விசை சுருளின் எடை அளவுக்குத்தான் இருக்கிறது. சுருளின் ஒரு பக்கம் கனத்தாலோ, இரு முனைகளும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் ஒரு முனை மேலே ஏறியிருந்தாலோ, இருக்கிற விசையெல்லாம் அந்தக் கனத்தைத் தூக்குவதிலேயே செலவாகிவிடும்.

இதைச் சோதிக்கக் காந்தத்தையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, சுருளை ஊக்குகளில் வைத்து விரலால் மெல்லச் சுண்டுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிலையில் நின்றால் நல்லது. எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால், அந்தப் பக்கம் கனம். முனைகளை மெல்ல வளைத்து, சுருளின் நடுவழியாகப் போகும் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். சுற்றுகள் பிரிந்து விரியாமல் இருக்க, முனைகளை இருபுறமும் சுருளின் மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிடுங்கள். இந்தப் பொறுமை வேலையைக் குழந்தையிடமே விடலாம், என் அனுபவத்தில் பெரியவர்களை விட நன்றாகச் செய்வார்கள்.

பேட்டரி சூடாவது இந்த அமைப்பின் இயல்பு. ஒரு மீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை 0.1 ஓமைக் கூடத் தொடாது. ஆகவே இது கிட்டத்தட்ட ஒரு குறுக்குச் சுற்றுதான் (ஷார்ட் சர்க்யூட்). மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பேட்டரியின் உள்மின்தடையும் ஊக்குகள் தொடும் இடங்களும் மட்டுமே. சுருள் ஓடும்போது பாதி நேரம் மின்னோட்டம் நிற்பதால் சூடு குறையும். ஓடாமல் நின்றுவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள், சூடான கம்பியை விரலால் பிடிக்க வேண்டாம். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியே போதும். கைபேசி பேட்டரி, லித்தியம் அயான் செல் போன்றவற்றை இதில் இணைக்கவே கூடாது. குறுக்குச் சுற்றில் அவை பெரும் மின்னோட்டத்தைக் கொட்டும், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

சரி, சுற்றுகளைக் கூட்டினால்? கம்பியின் தடை ஏற்கெனவே மிகக் குறைவு என்பதால் சில சுற்றுகள் சேர்த்தாலும் மின்னோட்டம் அதிகம் குறையாது, விசை கூடும். ஆனால் எடையும் கூடவே ஏறும். 10 முதல் 15 சுற்று வரை நல்ல அளவு. காந்தத்தைப் பொறுத்தவரை, பெரிதாக வாங்குவதை விட இருப்பதைச் சுருளுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது அதிகப் பலன் தரும், ஏனெனில் தூரம் கூடக் கூடக் காந்தப்புலம் வேகமாகக் குறைந்துவிடும். மிக வலுவான நியோடிமியம் காந்தம் வைத்தால் வேகம் பிடிக்கும், ஆனால் எஃகு ஊக்குகளையும் தன் பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும். அது குழந்தைகள் விழுங்கக்கூடாத பொருள், கவனமாக எடுத்து வையுங்கள்.

கண்காட்சியில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: ஏன் முதலில் கையால் சுண்ட வேண்டியிருக்கிறது? சுருள் நிற்கும் இடத்தில் எனாமல் பக்கம் ஊக்கைத் தொட்டால் மின்னோட்டமே இல்லை, யாராவது தள்ளிவிட வேண்டும். விளையாட்டுக் காரில் உள்ள சிறிய டிசி மோட்டாரில் இந்தத் தொல்லை கிடையாது. பழுதான ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பொதுவாக மூன்று சுருள்களும், மூன்று துண்டுகளாகப் பிரிந்த திசைமாற்றியும் இருக்கும். எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சுருள் தள்ளுவதற்குத் தயாராக இருக்கும்.

பேட்டரியைத் திருப்பி வைத்தால் உங்கள் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும், காந்தத்தைக் கவிழ்த்தாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்று மகளை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், அப்புறம் செய்து பார்க்கட்டும்.