குளிர் தொடங்கும் மாலைகளுக்குக் காக்டெயில்: வாசகர் கேள்விகள்

இலைகள் உதிரத் தொடங்கியதும் வரும் கேள்விகளும் மாறிவிடுகின்றன. ஜின்-டானிக் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் விஸ்கி, பிராந்தி பக்கம் வந்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு ஐஸும் தண்ணீரும்தான் சிக்கல். அதனால் பதில்களில் அந்தப் பேச்சு அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரில் ஓல்ட் ஃபேஷன்ட் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அதே விஸ்கியை வாங்கி வீட்டில் செய்தால் தொண்டையைக் கீறுகிறதே, ஏன்?

கிளறுவதைச் சீக்கிரம் நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாரில் உங்கள் கைக்கு வரும் கோப்பையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஐஸ் உருகி வந்த தண்ணீர். கலக்குபவர் அதைத் தெரிந்தேதான் சேர்க்கிறார். 1806-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊர்ச் செய்தித்தாள் ஒன்று, காக்டெயில் என்றால் என்ன என்று வாசகருக்கு விளக்கியபோது நான்கே பொருளைச் சொன்னது: ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (மூலிகைகளை மதுவில் ஊறவைத்து எடுத்த கசப்புச் சாறு). ஓல்ட் ஃபேஷன்ட் இன்றும் அந்த நான்கில்தான் நிற்கிறது.

அடி கனமான கோப்பையில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் பிட்டர்ஸ் இரண்டு மூன்று உதறு, ஒரு தேக்கரண்டி தண்ணீர். சர்க்கரை முழுக்கக் கரையும்வரை நசுக்குங்கள். மதுவில் சர்க்கரை லேசில் கரையாது. விஸ்கியை முதலில் ஊற்றினால் அடியில் நறநறவென்று தங்கிவிடும். பிறகு 60 மி.லி. பர்பன் (மக்காச்சோள விஸ்கி) அல்லது ரை (கம்பு போன்ற ரை தானிய) விஸ்கி, கோப்பை நிறைய ஐஸ், அரை நிமிடக் கிளறல். ஒற்றைப் பெரிய ஐஸ் கட்டி போடுபவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் கிளற வேண்டும். அது பார்க்க அழகு, ஆனால் மெதுவாகத்தான் உருகும். நடுநடுவே ஒரு கரண்டி எடுத்து ருசித்துப் பாருங்கள். காரம் அடங்கி இனிப்பு தலைகாட்டும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். கடைசியில் ஆரஞ்சுத் தோலை உள்வெள்ளை ஒட்டாமல் சீவி, கோப்பைக்கு மேலே முறுக்கினால் அதன் எண்ணெய் மேலே படரும். செர்ரி, ஆரஞ்சுத் துண்டு எல்லாம் போட்டு நசுக்கிப் பழக்கூழ் ஆக்குகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது.

குலுக்க வேண்டுமா, கிளற வேண்டுமா? எப்போதும் குழப்பம்.

பழச்சாறு, முட்டை, கிரீம் இருந்தால் குலுக்குங்கள். மது வகைகள் மட்டும் என்றால் கிளறுங்கள். குலுக்கினால் காற்றும் ஐஸ் துகளும் புகுந்து கலங்கிவிடும். தண்ணீரும் கூடுதலாகச் சேரும்.

மன்ஹாட்டன் செய்தேன். ஒரு மாதிரி புளித்த, சோர்ந்த சுவை. விஸ்கி நல்ல விஸ்கிதான்.

உங்கள் வெர்மூத் பாட்டில் எங்கே இருக்கிறது? அலமாரியில், விஸ்கிக்குப் பக்கத்தில் என்றால் காரணம் தெரிந்துவிட்டது. வெர்மூத் என்பது மூலிகை சேர்த்து, கொஞ்சம் மதுவும் ஏற்றிய ஒயின். பெரும்பாலும் 16 முதல் 18 சதவீதம்தான் ஆல்கஹால். திறந்த நாளிலிருந்து காற்றுப்பட்டு மாறத் தொடங்கிவிடும். திறந்ததும் மூடி இறுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும், இரண்டு மாதம் தள்ளலாம். அதற்கு மேல் போனால் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி செய்யாதவர்கள் சிறிய பாட்டிலாக வாங்குவது நல்லது.

ரை 60 மி.லி., இனிப்பு வெர்மூத் 30, பிட்டர்ஸ் இரண்டு உதறு. ஐஸோடு கிளறி, குளிர்ந்த கோப்பையில் ஐஸ் இல்லாமல் வடிகட்டுங்கள்.

இந்தப் பருவத்துக்கென்று பூசணி மசாலா சிரப் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். எந்த மதுவில் ஊற்றினாலும் கடைசியில் அந்த சிரப் மட்டும்தான் ருசிக்கும். பருவத்தைக் கோப்பைக்குள் கொண்டுவர அடிப்படை மதுவை மாற்றினாலே போதும். கோடையில் நெக்ரோனி (ஜின், கம்பாரி என்ற கசப்பான சிவப்பு மது, இனிப்பு வெர்மூத்) குடித்தீர்களா? ஜின்னை எடுத்துவிட்டு பர்பனை வையுங்கள், பூலவார்டியே என்ற காக்டெயில் ஆகிவிடும். 1920-களின் பாரிஸில் பிறந்தது. நெக்ரோனியில் மூன்றும் சம அளவு. இங்கே கம்பாரி 30 மி.லி., இனிப்பு வெர்மூத் 30, பர்பன் மட்டும் 45. விஸ்கியைக் கூட்டாவிட்டால் கம்பாரியின் கசப்பு அதை அமுக்கிவிடும்.

எலுமிச்சைப் புளிப்பு பிடித்தவர்களுக்கு ஜாக் ரோஸ்: ஆப்பிள் பிராந்தி 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 20, மாதுளைப் பாகு 15, நன்றாகக் குலுக்க வேண்டும். பாகைக் கடையில் தேட வேண்டாம். பல பாட்டில்களில் சிவப்புச் சாயமும் சர்க்கரையும்தான் இருக்கும். மாதுளைச் சாறும் சர்க்கரையும் சம அளவு எடுத்து, இளஞ்சூட்டில் கரைத்தாலே முடிந்தது.

மசாலா வாசனை இருந்தே தீர வேண்டும் என்றால் பட்டைப் பாகு போடுங்கள். 200 கிராம் சர்க்கரை, 200 மி.லி. தண்ணீர், இரண்டு துண்டு பட்டை. ஐந்து நிமிடம் மெதுவாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை மணி நேரம் மூடி வைத்து வடிகட்டுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். கிராம்பு போடுவதானால் ஒன்றே ஒன்று. இரண்டாவது போட்டால் பல் வைத்தியர் நினைவுக்கு வந்துவிடுவார்.

விஸ்கி சவரில் பச்சை முட்டை வெள்ளை போட வீட்டில் எதிர்ப்பு. மதுவே கிருமியைக் கொன்றுவிடும் அல்லவா?

அதை நம்பி இறங்காதீர்கள். ஒரு கோப்பையில் இருக்கும் மதுவும் எலுமிச்சையும், நீங்கள் கலக்கிக் குடிக்கும் அந்தச் சில நிமிடத்தில் பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமியைக் கொல்லும் என்று சொல்ல முடியாது. பாஸ்டுரைஸ் செய்த முட்டை வெள்ளை கிடைத்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் கொண்டைக்கடலை டின்னில் இருக்கும் நீர் 20 மி.லி. போதும், நுரை அருமையாக எழும்பும். பர்பன் 45, எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20. முதலில் ஐஸ் இல்லாமல் பத்துப் பதினைந்து விநாடி குலுக்கி, பிறகு ஐஸ் போட்டு மறுபடி குலுக்குங்கள். நுரையே இல்லாவிட்டாலும் அது விஸ்கி சவர்தான்.

எட்டுப் பேர் விருந்துக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்காகக் கலக்கிக்கொண்டே நிற்க முடியாது.

மன்ஹாட்டனை மொத்தமாகக் கலந்து வைத்துவிடுங்கள். ரை 480 மி.லி., வெர்மூத் 240. பிட்டர்ஸ் கணக்குப்படி 16 உதறு வரும், ஆனால் முதலில் 10 போட்டு ருசித்துவிட்டு ஏற்றுங்கள். பெரும்பாலானோர் மறப்பது அடுத்தது: 180 மி.லி. குடிதண்ணீர். ஐஸோடு கிளறப் போவதில்லை அல்லவா, அந்தத் தண்ணீரை நாம்தான் ஊற்ற வேண்டும். எல்லாம் ஒரு லிட்டர் பாட்டிலில் அடங்கும்.

காலையிலேயே ஃப்ரிட்ஜில் வையுங்கள். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஃப்ரீசருக்கு மாற்றலாம். இரவு முழுக்க அங்கேயே விட்டால், தண்ணீர் சேர்ந்திருப்பதால் குழைந்து உறைய வாய்ப்புண்டு. சவர் மாதிரி எலுமிச்சை சேர்ந்தவற்றுக்கு இந்த வழி ஒத்துவராது. சாறு அன்றன்றைக்குப் பிழிந்ததாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. 40 சதவீத விஸ்கியில் செய்தால் ஒரு மன்ஹாட்டனில் சுமார் 23 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 330 மி.லி.யில் 13 கிராம்தான். கோப்பை சின்னதாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வண்டி ஓட்டிக்கொண்டு வருபவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

குளிருக்கு ஹாட் டாடி (வெந்நீரில் கலந்த விஸ்கி) உடம்பைச் சூடாக்கும் என்கிறார்களே? சளிக்கும் நல்லதாமே?

சூடான மாதிரி தோன்றும். ஆல்கஹால் தோலுக்கு அருகில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது, அதனால் வரும் கதகதப்பு அது. உள்ளே இருக்கும் வெப்பம் அந்த வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். சளிக்கு இது மருந்து இல்லை. தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை, இருமல் மருந்து எடுத்திருந்தால் அன்று தொடவே கூடாது.

ருசிக்காகக் குடிப்பதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். விஸ்கி 45 மி.லி., தேன் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 15 மி.லி., வெந்நீர் 120. விஸ்கியை அடுப்பில் வைக்காதீர்கள். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்து மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கொதித்த நீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

மது தொடாத நண்பர் ஒருவர் வருகிறார். அவருக்கு என்ன கலக்கலாம்? பிட்டர்ஸ் மட்டும் சேர்க்கலாமா?

அவர் எந்த அளவுக்குத் தவிர்க்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது, விஸ்கியைவிடக் கூடுதல். இரண்டு உதறில் அளவு சொற்பம்தான் என்றாலும், நம்பிக்கை காரணமாகவோ மருத்துவர் சொல்லியோ கர்ப்பத்தாலோ விலக்கியவருக்கு அதுவும் கூடாது. அடர்த்தியாகக் கொதித்து ஆறவைத்த பால் சேர்க்காத தேநீர் 90 மி.லி., மேலே சொன்ன பட்டைப் பாகு 10, எலுமிச்சைச் சாறு சில துளி. தேநீரின் துவர்ப்பு பிட்டர்ஸின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பெரிய ஐஸ் கட்டி, முறுக்கிய ஆரஞ்சுத் தோல், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கனமான கோப்பை.